பதினேழு பொதிகள் நான்கானது: ஒரு நோட் செயலியின் பழுதுபார்ப்புப் பதிவு

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு தனியார் கல்வி நிலையம். மாணவர் வரவு, மாதக் கட்டணம், பற்றுச்சீட்டு, பெற்றோருக்குக் குறுஞ்செய்தி என்று நான்கு அலுவலையும் ஒரே நோட் செயலி பார்க்கிறது. (நோட் என்பது ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சேர்வரில் ஓட்டும் Node.js.) அது ஓடுவது அலுவலக மேசைக்குக் கீழே இருக்கும் 4 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினியில். எழுதப்பட்டது நோட் 14இல். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2023 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. அதை நோட் 22க்கு ஏற்றுவதுதான் வேலை. ஏற்றும்போதே, இடையில் நோட் தனக்குள் சேர்த்துக்கொண்டவற்றை வைத்து எந்தெந்தப் பொதியை (பிறர் எழுதி வெளியிட்ட, நாம் சேர்த்துக்கொள்ளும் நிரல்) கழற்றலாம் என்றும் பார்த்தோம். அதன் பதிவு இது.

செயலிக்கு வேண்டிய பொதிகளைப் பட்டியலிடும் பக்கேஜ் கோப்பில் நேரடியாக இருந்தவை 17: எக்ஸ்பிரஸ், பெட்டர்-எஸ்கியூலைட்3, பிடிஎப்கிட், பிகிரிப்ட், லோடாஷ், மொமென்ட், மொமென்ட்-டைம்சோன், ஆக்சியோஸ், யூயூஐடி, டொட்என்வ், பொடி-பார்சர், எம்கேடிர்பி, ரிம்ராப், சோக், மினிமிஸ்ட், ஜெஸ்ட், நோட்மொன். முதல் நான்கு (முறையே சேர்வர், தரவுத்தளம், பிடிஎப், கடவுச்சொல் வேலைகளுக்கானவை) மட்டும் மிஞ்சின. அந்த நான்கிலும் பிகிரிப்ட் தற்காலிகம்.

இத்தனை பொதி சேர்த்ததற்காகச் செயலியை எழுதியவரில் பிழை சொல்ல முடியாது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்குப் பிறப்பிலேயே பெரிய நூலகம் கிடையாது. நோட்டும் தன் உட்பகுதியைச் சிறிதாகவே வைத்துக்கொண்டு மிச்சத்தை என்பிஎம்மிடம் (பொதிகளின் பொதுக் களஞ்சியமும் அவற்றை நிறுவும் கருவியும்) விட்டது. ஒரு சரத்தின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்ப 11 வரிப் பொதி ஒன்று இருந்ததும், 2016 மார்ச்சில் அது நீக்கப்பட்டபோது உலகம் முழுக்கப் பல செயலிகளின் பில்ட் நின்றதும் அந்த வழியில் வந்த விளைவுதான். அந்த வேலையைச் செய்யும் பாட்ஸ்டார்ட் அடுத்த ஆண்டு மொழிக்குள்ளேயே வந்தது. இணையக் கோரிக்கை அனுப்பும் பெட்ச்சும் சோதனைகளை ஓட்டும் டெஸ்ட் ரன்னரும் நோட்டுக்குள் நுழைந்தது 2022இல், 18ஆம் பதிப்பில். நோட் 14இல் இருந்தவருக்கு இவை இரண்டும் கைக்கு எட்டாது.

இப்போது ஏன் கழற்ற வேண்டும்? 2025 செப்டம்பரில் சோக், டிபக் முதலிய பொதிகளின் பராமரிப்பாளர் ஒருவரைப் போலி மின்னஞ்சலால் ஏமாற்றிக் கணக்கைப் பிடித்து, நஞ்சு கலந்த பதிப்புகளை வெளியிட்டார்கள். இந்தச் செயலியில் சோக் பார்த்த வேலை, பிழைச் செய்தியைச் சிவப்பு நிறத்தில் காட்டுவது. சிவப்பு நிறத்துக்காக இன்னொருவரின் கணக்குப் பாதுகாப்பை நம்பியிருக்கத் தேவையில்லை.

கழற்றும் ஒழுங்கு

முதலில் "என்பிஎம் எல்எஸ் --ஓல்" கொடுத்து முழு மரத்தையும் ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள். பிறகு ஒவ்வொரு பொதியும் எந்தக் கோப்பில், எந்தப் பங்சனுக்காக அழைக்கப்படுகிறது என்று கிரெப் போட்டுத் தேடுங்கள். லோடாஷில் நூற்றுக்கணக்கான பங்சன்கள் உண்டு. இங்கே பயன்பட்டவை ஆறு. பொதியின் அளவு எப்படியிருந்தாலும், நீங்கள் தொட்ட இடங்கள்தான் மாற்றும் வேலையின் அளவு.

ஒரு பொதிக்கு ஒரு கொமிட் (தனியாகப் பதிவுசெய்த மாற்றம்). அந்த இடத்துக்கான சோதனையைப் பழைய பொதி இருக்கும்போதே எழுதி, அது பச்சை காட்டிய (வெற்றிபெற்ற) பிறகுதான் மாற்ற வேண்டும். பொதியைக் கழற்றுவது சுலபம். அந்தப் பொதி சத்தமில்லாமல் செய்துவந்த ஒரு சின்ன வேலை கூடவே கழன்றுபோவதுதான் கரைச்சல். கீழே வரும் பிழைகள் எல்லாமே அந்த வகை.

உள்நூலகங்களை அழைக்கும்போது "நோட்:" என்ற முன்னொட்டைப் போடுங்கள். அதே பெயரில் என்பிஎம்மில் யாராவது பொதி வைத்திருந்தாலும் குழப்பம் வராது. டெஸ்ட் நூலகம் அந்த முன்னொட்டு இல்லாமல் கிடைக்கவே கிடைக்காது.

கெதியாகப் போனவை

எம்கேடிர்பிக்குப் பதில் எம்கேடிர் பங்சனில் ரிகர்சிவ் தெரிவு. ரிம்ராப்புக்கு ஆர்எம், ரிகர்சிவ், போர்ஸ் இரண்டும் சேர்த்து. யூயூஐடியின் நான்காம் வகைதான் பயன்பட்டது. கிரிப்டோ நூலகத்தின் ரண்டம்யூயூஐடி போதும். பொடி-பார்சர் எக்ஸ்பிரஸ் 4.16இலிருந்து உள்ளேயே இருக்கிறது. நோட்மொன்னுக்கு "--வாட்ச்". சோக்குக்கு யூடில் நூலகத்தின் ஸ்டைல்டெக்ஸ்ட்.

மினிமிஸ்ட்டில் மட்டும் ஒரு முள். "--ஆண்டு 2025" என்று கொடுத்தால் மினிமிஸ்ட் அதை எண்ணாக மாற்றித் தரும். யூடில் நூலகத்தின் பார்ஸ்ஆர்க்ஸ் சரமாகவே தரும். மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்ட இடத்தில் அறிக்கை வெறுமையாக வந்தது. நம்பர் போட்டு மாற்றியதும் சரிவந்தது.

அமைப்புகளைக் கோப்பிலிருந்து படிக்கும் டொட்என்வ் இடத்தில் "--என்வ்-பைல்". கோப்பு இல்லாவிட்டால் டொட்என்வ் பேசாமல் போய்விடும். நோட் தொடங்கவே மறுக்கும். சேர்வருக்கு அதுதான் நல்லது. கோப்பின் பாதை, செயலி எந்த அடைவிலிருந்து தொடங்குகிறதோ அதைப் பொறுத்தது. சிஸ்டம்டி மூலம் ஓட்டுபவர்கள் முழுப்பாதையை எழுதிவிடுங்கள்.

லோடாஷ்: வெறுமையும் இல்லாமையும் ஒன்றல்ல

இதுதான் பணத்தில் கை வைத்திருக்கக்கூடிய பிழை. பழைய வரி லோடாஷின் கெட் பங்சனால் மாணவரின் கட்டணத்தை எடுத்து, இல்லாவிட்டால் 1500 ரூபா என்று வைத்தது. அதைப் புது மொழியில் இப்படி எழுதத்தான் எவருக்கும் கை போகும்:

மாணவர்?.கட்டணம் ?? 1500

பார்க்க ஒன்றுபோல இருக்கிறது. ஆனால் லோடாஷின் கெட், மதிப்பு "அன்டிபைன்ட்" (மதிப்பே வைக்கப்படாதது) ஆக இருந்தால் மட்டுமே 1500ஐத் தரும். இரட்டைக் கேள்விக்குறி "நல்" (வெறுமை என்று எழுதி வைத்தது) ஆக இருந்தாலும் தரும். இந்தத் தரவுத்தளத்தில் கட்டண விலக்குப் பெற்ற பிள்ளைகளின் கட்டணப் புலம் "நல்". அதாவது, கட்டணம் கட்டத் தேவையில்லாத பிள்ளைகள் எல்லோருக்கும் அடுத்த மாதம் 1500 ரூபா பற்று எழும்பி, பெற்றோரின் கைபேசிக்கு நினைவூட்டல் போயிருக்கும். மூன்று நிலைகளுக்கும் (புலமே இல்லை, நல், பூச்சியம்) முன்கூட்டியே சோதனை எழுதியிருந்ததால் இரண்டாவது சிவப்பானது. வரியை அன்டிபைன்ட்டோடு நேரடியாக ஒப்பிடும்படி மாற்றினோம். பிறகு தரவுத்தளத்திலும் "விலக்கு" என்று தனிப் புலம் சேர்த்தோம். "நல்" என்பதற்குள் பொருளை ஒளித்து வைத்தால் அடுத்து வருபவருக்கு அது விளங்காது.

பட்டியலை வகைவகையாகப் பிரிக்கும் லோடாஷின் குரூப்பைக்கு ஒப்ஜெக்ட்.குரூப்பை இருக்கிறது, நோட் 21இலிருந்து கிடைக்கும். அது தரும் பொருளுக்குப் புரோட்டோடைப் (பொதுப் பங்சன்களைத் தரும் மூலப்பொருள்) கிடையாது. ஆகவே அதன்மேல் ஹாஸ்ஓன்புரொப்பர்ட்டி அழைத்தால் "பங்சன் அல்ல" என்று விழும்; ஒப்ஜெக்ட்.ஹாஸ்ஓன் பயன்படுத்துங்கள். முழு நகல் எடுக்கும் குளோன்டீப்புக்கு ஸ்ட்ரக்சர்ட்குளோன், பொருளுக்குள் பங்சன் இருந்தால் அது பிழை எறியும், கிளாஸ் அடையாளமும் நகலில் தங்காது. வெறும் தரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சோர்ட்பையை மாற்றும்போது ஒரு பழைய பிழையும் தீர்ந்தது. மாணவர் பட்டியலைப் பெயர்வரிசைப்படுத்தினால் ஜெயந்தி, றஞ்சன், லதா, வதனி என்று வந்துகொண்டிருந்தது. லோடாஷும் சரி, வெறும் சோர்ட்டும் சரி, யூனிகோட் எண்ணைத்தான் பார்க்கும். யூனிகோட்டில் ற வந்து ர-வுக்கு அடுத்து, ல-வுக்கு முன் நிற்கிறது. ஜ வந்து ச-வுக்குப் பக்கத்தில். பெயரின் முதலில் ற போட்டு எழுதும் வழக்கம் நம் ஊரில் நிறைய இருப்பதால் இது ஒவ்வொரு பட்டியலிலும் தெரியும். இன்டெல்.கொலேட்டருக்குத் தமிழின் மொழிக்குறியைக் கொடுத்து அதன் கொம்பேர் பங்சனை சோர்ட்டுக்குள் வைத்தால் லதா, வதனி, றஞ்சன், ஜெயந்தி என்று நெடுங்கணக்கு ஒழுங்கில் வரும். புள்ளி வைத்த எழுத்தும் உயிர்மெய்க்கு முன்னால் சரியாக நிற்கும். கொலேட்டரை ஒருமுறை உருவாக்கி வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் புதிதாக உருவாக்கினால் பட்டியல் நீளும்போது வேகம் குறையும்.

தமிழில் தேடல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. "கொ" என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பீட்டில் வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் நோர்மலைஸ் பங்சனில் என்எப்சி (எல்லாவற்றையும் ஒரே சேமிப்பு வடிவத்துக்குக் கொண்டுவருவது) போட்டுவிட்டால் தீர்ந்தது. இதற்கும் பொதி வேண்டாம்.

மொமென்ட்: காலை ஐந்தரைக்கு முன் நேற்று

மொமென்ட் 2020 செப்டம்பரிலிருந்து பராமரிப்பு நிலையில்தான் இருக்கிறது. புது வசதி வராது. இங்கே அது பார்த்த பெரிய வேலை இன்றைய திகதியை ஆண்டு-மாதம்-நாள் என்று தருவது.

டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் போட்டு முதல் பத்து எழுத்தை வெட்டுவது இணையத்தில் எங்கும் கிடைக்கும் குறுக்குவழி. அது கிரீன்விச் நேரம். நமக்கு நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை அது நேற்றைய திகதியைத் தரும். பகலில் சோதித்தால் பிழை தெரியவே தெரியாது. அதிகாலை 2 மணிக்கு ஓடும் பக்கப் (காப்பு நகல்) முந்தைய நாளின் கோப்பை மேலெழுதும்போதுதான் தெரியும்.

சரியான வழி: இன்டெல்.டேட்டைம்போமட்டில் நேரவலயம் ஏசியா/கொழும்பு என்று கொடுத்து, போமட்டுபார்ட்ஸ் மூலம் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனியாக எடுத்து நீங்களே ஒட்டுங்கள். கனடா ஆங்கில லொக்கேலை (மொழியும் நாடும் சேர்ந்த அமைப்பு) கொடுத்தால் நேரடியாக அதே வடிவம் வரும் என்பார்கள். அது மொழித்தரவின் பதிப்பைப் பொறுத்த விடயம், நம்பி எழுதக்கூடாது. மணியும் வேண்டுமென்றால் ஹவர்சைக்கிளை எச்23 என்று வையுங்கள். இல்லாவிட்டால் நள்ளிரவு சில லொக்கேல்களில் 24:00 என்று வரும்.

வேறொரு கோப்பில் கிரீன்விச் நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டும் வரி ஒன்றும் இருந்தது. இன்றைக்கு அது சரியான விடை தரும். ஆனால் இலங்கை 1996 மே மாதம் ஆறரை மணிக்கும், அதே ஆண்டு ஒக்ரோபரில் ஆறு மணிக்கும் மாறி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டுக் காலப் பதிவுகளை ஏற்றுகிற எவருடைய செயலியிலும் இந்த வரி அரை மணியோ ஒரு மணியோ பிழைக்கும். நேரவலயப் பெயரைக் கொடுத்தால் இந்த வரலாறு முழுக்க நோட்டுக்குள்ளேயே இருக்கிறது. மொமென்ட்-டைம்சோன் தனியே சுமந்து வந்த அட்டவணை அதுதான்.

ஆக்சியோஸ்: அனுப்பாததை அனுப்பியதாகக் காட்டுவது

குறுஞ்செய்திச் சேவைக்குக் கோரிக்கை அனுப்பத்தான் ஆக்சியோஸ். அதற்குப் பதிலாக பெட்ச் வந்ததும் நான்கு வித்தியாசங்களைக் கவனிக்க வேண்டியிருந்தது.

ஆக்சியோஸ் 400, 500 வகைப் பதில்களுக்குப் பிழை எறியும், பெட்ச் எறியாது. பதில் வந்துவிட்டது, ஆகவே வேலை முடிந்தது என்று அது எடுத்துக்கொள்ளும். கணக்கில் மிச்சம் இல்லை என்று சேவை மறுத்தாலும் செயலி "அனுப்பப்பட்டது" என்று எழுதிவிடும். ஒவ்வொரு பெட்ச்சுக்குப் பின்னாலும் ரெஸ்பொன்ஸ்.ஓகே பார்க்கும் ஒரு சிறு பங்சனை எழுதி, எல்லா இடத்திலும் அதையே அழையுங்கள்.

ஆக்சியோஸ் கொடுத்த பொருளைத் தானே ஜேசன் ஆக்கும். பெட்ச் ஆக்காது, ஸ்ட்ரிங்கிபையையும் உள்ளடக்க வகைத் தலைப்பையும் நீங்கள் போட வேண்டும்.

காலவரம்பு: நோட்டின் பெட்ச், பதிலின் தலைப்புக்காக 300 செக்கன் வரை காத்திருக்கும். ரௌட்டர் தொங்கிக்கொண்டிருக்கும் மாலை நேரத்தில் அந்த ஐந்து நிமிடம் மெத்தப் பெரியது. அபோர்ட்சிக்னல்.டைம்அவுட்டில் 8000 மில்லிசெக்கன் கொடுத்தோம். ஆனால் காலவரம்பு முடிந்தது என்றால் செய்தி போகவில்லை என்று அர்த்தமில்லை. போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். உடனே திரும்ப அனுப்பினால் ஒரே பெற்றோருக்கு இரண்டு செய்தி. ஆகவே "அனுப்பியது", "தவறியது" என்ற இரு நிலைகளோடு "சந்தேகம்" என்று மூன்றாவது நிலையும் சேர்த்து, அதை ஒரு மனிதர் பார்த்து முடிவெடுக்க விட்டோம்.

வலையமைப்பு விழுந்தால் "பெட்ச் பெயில்ட்" என்ற இரண்டு சொல்தான் லொக்கில் வரும். உண்மைக் காரணம் பிழைப்பொருளின் கோஸ் புலத்துக்குள் இருக்கிறது. டிஎன்எஸ் பிழையா, இணைப்பு மறுப்பா என்று அங்கேதான் தெரியும். லொக் எழுதும் வரியில் அதையும் சேர்த்து எழுதுங்கள். ப்ரொக்சிக்குப் பின்னால் இருக்கும் வளாக வலையமைப்புகளில் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: சூழல் மாறியில் ப்ரொக்சி முகவரி இருந்தால் ஆக்சியோஸ் அதை மதிக்கும், நோட் 22இன் பெட்ச் இயல்பாக மதிக்காது.

ஜெஸ்ட்

ஜெஸ்ட் சோதனைகளை ஓட்டும் பொதி. அந்தச் சோதனைகளை "நோட் --டெஸ்ட்" க்கு மாற்றுவது பெரும்பாலும் கைவேலைதான். அசெர்ட்டின் ஸ்ட்ரிக்ட் வடிவத்தை எடுங்கள். பழைய டீப்ஈக்குவல் எண் 1ஐயும் சரம் "1"ஐயும் ஒன்றென்று விட்டுவிடும். ஜெஸ்ட்டின் டுஈக்குவல், அன்டிபைன்ட் புலங்களைக் கண்டுகொள்ளாது; ஸ்ட்ரிக்ட் வடிவம் கண்டுகொள்ளும், புரோட்டோடைப்பையும் ஒப்பிடும். மேலே சொன்ன ஒப்ஜெக்ட்.குரூப்பையின் விடையை வெறும் அடைப்புக்குறிப் பொருளோடு ஒப்பிட்டால் உள்ளடக்கம் ஒன்றாக இருந்தும் சோதனை விழுவது இதனால்தான். ஒப்பிடுமுன் விடையைப் புதுப் பொருளொன்றுக்குள் விரித்துவிட்டால் போதும்.

கழற்றாதவை

பிடிஎப்கிட் இருக்கட்டும் என்று விட்டோம். எகரக் கொம்பை மெய்க்கு முன்னால் நகர்த்துவது, ஒகரத்தை இரண்டாகப் பிரித்து இருபக்கமும் வைப்பது எல்லாம் எழுத்துருப் பொறியின் வேலை. அதைக் கையால் எழுதக் கூடாது. அதன் உள்ளமைந்த எழுத்துருக்களில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு டிடிஎப் கோப்பைப் பதிவுசெய்துதான் எழுத வேண்டும்.

நோட் 22க்குள் எஸ்கியூலைட் நூலகம் இருக்கிறது. ஆனால் பரிசோதனை நிலை என்று ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதுவே எச்சரிக்கிறது. கட்டணக் கணக்கை அதன்மேல் வைக்க மனம் வரவில்லை. பெட்டர்-எஸ்கியூலைட்3 தங்கியது. அது சி++ இணைப்புள்ள பொதி என்பதால் நோட்டை ஏற்றியதும் 83க்காகத் தொகுத்தது, இப்போது வேண்டியது 127 என்று பிழை காட்டும். 83 நோட் 14இன் இணைப்பு எண், 127 நோட் 22இனுடையது. "என்பிஎம் ரீபில்ட்" கொடுத்தால் சரி.

நிறுவுதல்

நிறுவும்போது ஓடும் ஸ்கிரிப்டுகளை நிறுத்தி வைத்தோம்: "என்பிஎம் சிஐ --ஓமிட்=டெவ் --இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்". நஞ்சு கலந்த பொதிகள் பெரும்பாலும் அந்த வாசலால்தான் நுழைகின்றன. அப்படிச் செய்தால் எஸ்கியூலைட்டின் இணைப்புக் கோப்பு வராது. பிறகு அந்தப் பொதியை மட்டும் பெயர் சொல்லி ரீபில்ட் செய்ய வேண்டும். கவனிக்க வேண்டியது: முன்தொகுத்த அந்தக் கோப்பு கிட்ஹப்பிலிருந்து இறங்குகிறது, என்பிஎம் களஞ்சியத்திலிருந்து அல்ல. அது கிடைக்காவிட்டால் அங்கேயே தொகுக்கப் பார்க்கும். அதற்கு பைதன், மேக், ஜி++ மூன்றும் கணினியில் வேண்டும். உள்ளூரில் பொதிகளைச் சேமித்து வைத்திருப்பதால் இணையமின்றி நிறுவலாம் என்று நினைப்பவர்கள், வயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை உண்மையாகவே நிறுவிப் பாருங்கள்.

என்பிஎம் சிஐ தொடங்கியதும் முதலில் பழைய நோட்_மொடியூல்ஸ் அடைவை முழுதாக அழிக்கும். நடுவில் மின்சாரமோ இணைப்போ போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் அடைவில் அதைக் கொடுக்கவே வேண்டாம். திகதியிட்ட புது அடைவில் நிறுவி, அங்கேயே சோதனைகளை ஓட்டி, கடைசியில் "எல்என் -எஸ்எப்என்" மூலம் குறியிணைப்பை மட்டும் மாற்றிச் சேவையை மீளத் தொடங்குங்கள். பழைய அடைவு ஒரு கிழமை கிடக்கட்டும்.

பிகிரிப்ட்: ஆறுதலாகக் கழற்ற வேண்டியது

கடவுச்சொற்களுக்கு நோட்டிலேயே எஸ்கிரிப்ட் இருக்கிறது. ஆனால் சேமித்திருக்கும் பழைய ஹாஷ்களை (கடவுச்சொல்லிலிருந்து கணித்த, திருப்பி எடுக்க முடியாத சரங்கள்) மாற்ற முடியாது. மூலக் கடவுச்சொல் நம்மிடம் இல்லை. ஒவ்வொருவரும் உள்நுழையும்போது, ஹாஷ் டொலர்-2பி-டொலர் என்று தொடங்கினால் பிகிரிப்ட்டால் சரிபார்த்து, சரியென்றால் அதே கணத்தில் எஸ்கிரிப்ட் ஹாஷ் ஒன்றை உருவாக்கி மேலெழுத வேண்டும்.

எஸ்கிரிப்ட்டுக்கு வைத்த அளவுகள்: "என்" (N) 32768, "ஆர்" (r) 8, "பி" (p) 3, சோல்ட் (ஹாஷில் கலக்கும் எழுந்தமான தரவு) 16 பைட், விடை 64 பைட். இந்த அளவுகளையும் ஹாஷோடு சேர்த்தே எழுதி வையுங்கள், பின்னால் கூட்டலாம். நோட்டின் இயல்பு நினைவக வரம்பு 32 எம்பி. இந்த "என்" அளவுக்கு அது மயிரிழையில் போதாமல் "நினைவக வரம்பு மீறியது" என்று விழும். மக்ஸ்மெம்மை 64 எம்பி ஆக்கினோம். "என்" அளவை 131072க்கு ஏற்றலாமே என்றால், அது ஒரு உள்நுழைவுக்கு 128 எம்பி. நோட்டின் பின்னணி இழைகள் இயல்பாக நான்கு. ஒரே நேரத்தில் நான்கு பேர் நுழைந்தால் 512 எம்பி. 4 ஜிபி கணினியில், பிடிஎப் உருவாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது அதிகம். பி-ஐக் கூட்டினால் நினைவகம் ஏறாமல் நேரம் மட்டும் கூடும். சிங்க் என்று முடியும் வடிவத்தை எடுக்காதீர்கள். ஹாஷ் முடியும்வரை சேர்வர் முழுவதும் நிற்கும். ஒப்பிட டைமிங்சேப்ஈக்குவல், இரு பக்கமும் ஒரே நீளம் இல்லாவிட்டால் அது பிழை எறியும், நீளத்தை முதலில் பாருங்கள்.

தமிழில் கடவுச்சொல் வைப்பவர்களுக்கு இந்த மாற்றம் பெரிய நன்மை. பிகிரிப்ட் முதல் 72 பைட்டுக்கு அப்பால் பார்க்காது. யூடிஎப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். "யாழ்ப்பாணம்" என்ற ஒரு சொல்லே 11 குறி, 33 பைட். இரண்டு சொல் தாண்டியதும் மிச்சத்தை என்ன அடித்தாலும் கதவு திறக்கும். எஸ்கிரிப்ட்டில் அந்த வெட்டு இல்லை. ஒரு எச்சரிக்கை: புது ஹாஷுக்கு முன் கடவுச்சொல்லை என்எப்சி ஆக்குங்கள், கைபேசியில் அடித்ததும் கணினியில் அடித்ததும் ஒன்றாக இருக்கும். ஆனால் பழைய பிகிரிப்ட் ஹாஷோடு ஒப்பிடும்போது அடித்ததை அடித்தபடியே கொடுங்கள். அன்றைக்கு நோர்மலைஸ் செய்யாமல்தான் சேமித்தது.

இன்னும் டொலர்-2பி-டொலரில் தொடங்கும் ஹாஷ்கள் எத்தனை என்று எண்ணும் ஒரு வரி, இரவு பக்கப் ஸ்கிரிப்டின் முடிவில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த எண் பூச்சியமாகும் நாளில் பிகிரிப்ட்டும் போகும். தவணை முடிவுவரை நுழையாத கணக்குகளின் ஹாஷை அழித்து, அடுத்த முறை புதுக் கடவுச்சொல் கேட்கும்படி வைத்திருக்கிறோம்.